அளந்ததை மீண்டும் அளந்தவர்

விடுமுறை முடிந்து சென்னையிலிருந்து தில்லிக்குத் திரும்பும் நம் போன்ற மாணவர்களுக்கு அந்த ரயில் பாதை மனப்பாடம். விசயவாடா, வாரங்கல், பல்லார்சா, நாகபுரி என்று பெரிய நிலையங்களை எண்ணிக்கொண்டே வருவோம். நாகபுரிக்குத் தெற்கே ஹிங்கன்காட் என்றோர் ஊர் உண்டு. வண்டி அதைக் கடக்கும்போது நம்மில் பெரும்பாலோர் உறங்கிக்கொண்டிருப்போம். அல்லது அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்துக்கொண்டிருப்போம். அந்த ஊர் மண்ணில் ஒரு மனிதர் துயில்கிறார். சென்னைப் பரங்கிமலையடியில் ஒரு சங்கிலியை நீட்டித் தொடங்கி, இருபது ஆண்டுகள் நிலத்தை அளந்துகொண்டே வந்து, அங்கே உயிர் நீத்தவர். வில்லியம் லாம்டன் என்பது அவர் பெயர்.

அவரை நானாகத் தேடிச் செல்லவில்லை. நான் செய்த குற்றமே என்னை அவரிடம் கொண்டுபோய் விட்டது.

நில அளவைச் செய்முறை வகுப்பு அது. மைதானத்தில் நட்ட இரண்டு முளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை முப்பது மீட்டர் நாடாவைக் கொண்டு போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் அளக்க வேண்டும். கடும் வெயில். உடன் வந்த நண்பர்களுக்கும் எனக்கும் தாகம். போகும்போது அளந்தோம், திரும்பும்போது மர நிழலில் அமர்ந்துகொண்டோம். இரண்டாவது எண்ணை நானே எழுதினேன். முதல் எண்ணையே மறுபடி எழுதினால் ஆசிரியருக்கு ஐயம் வருமென்று, மூன்று மில்லிமீட்டர் கூட்டி எழுதினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆசிரியர் ஏட்டைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் எங்களை மைதானத்துக்கு அழைத்துச் சென்றார். அவர் முன்னிலையில் மறுபடி அளந்தோம். முதல் அளவே தவறு! நடுவில் ஒரு முழு நாடா நீளத்தை எண்ண மறந்திருந்தோம். முப்பது மீட்டர் பிழை. அதன் மேல் மூன்று மில்லிமீட்டர் நுட்பம்! அவர் திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன். லாம்டனின் வரலாற்றைப் படித்துவிட்டு வந்து என்னைப் பார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். படித்தேன். படித்ததை நம் மன்ற மலரில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிற்று.

லாம்டன் இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்ஷயரில் எளிய உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். செல்வமும் இல்லை, சிபாரிசும் இல்லை. கணிதம் மட்டும் இருந்தது. 1781இல் படையில் சிறிய அதிகாரியாகச் சேர்ந்தார். அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டு யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் பிரபுவின் படை சரணடைந்தபோது இவரும் கைதியானார். விடுதலை பெற்றபின் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதிக்குச் சென்றார். புதிதாகக் குடியேறியவர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுக்கும் அளவை வேலையிலும், படைவீடுகளைக் கண்காணிக்கும் வேலையிலும் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன.

நண்பர்களே, பதின்மூன்று ஆண்டுகள்! புகழ் இல்லை, பனியும் காடுமே துணை. வேறொருவராக இருந்தால் சீட்டாட்டத்திலும் குடியிலும் காலத்தைக் கரைத்திருப்பார். லாம்டன் கணித நூல்களைத் தருவித்துப் படித்தார். பூமியின் வடிவம் என்ன, அதை எப்படி அளப்பது என்று ஐரோப்பாவில் அறிஞர்கள் எழுதியவற்றையெல்லாம் அந்தக் குளிரில் தனியாக உட்கார்ந்து கற்றார். கற்றது எப்போது பயன்படும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலேயே கற்றார்.

1796இல் தம் படைப்பிரிவோடு சேர இந்தியாவுக்குப் புறப்பட்டார். அப்பிரிவின் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூப் போரில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு இவரேதான். 1799இல் திப்பு சுல்தான் மீது கும்பினிப் படை பாய்ந்தபோது லாம்டனும் சென்றார். ஓர் இரவு படைத்தலைவர் பெயர்டின் தலைமையில் ஒரு பிரிவு இருளில் நடந்துகொண்டிருந்தது. லாம்டன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். விண்மீன்கள் இருந்த இடத்தைக் கொண்டு, படை திசை தவறிப் பகைவர் பாசறையை நோக்கிச் செல்கிறது என்று கண்டு சொன்னார். தலைவர் முதலில் நம்பவில்லை. திசைகாட்டியை எடுத்துப் பார்த்தபோது விண்மீன்களே வென்றன. படை திரும்பியது.

இந்த நிகழ்ச்சியை வீரக்கதையாகப் பலர் சொல்வதுண்டு. எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. தலைவருக்கு இருந்தது நம்பிக்கை. லாம்டனுக்கு இருந்தது சரிபார்க்கும் வழி. நம்பிக்கை வேறு, நம்பகம் வேறு. ஒன்று நம் மனத்தில் இருப்பது. மற்றொன்று வேலையில் இருக்க வேண்டியது.

திப்பு வீழ்ந்தான். மைசூர் நாட்டின் பெரும்பகுதி கும்பினியின் கைக்குள் வந்தது. பிடித்த நாட்டின் அளவு என்ன, வரி எவ்வளவு வாங்கலாம், படையை எந்த வழியில் நடத்தலாம் என்பதே கும்பினியின் கவலை. அதற்கு வரைபடம் வேண்டும். லாம்டனும் கும்பினியின் சோறு தின்றவர்தாம். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் மனத்தில் இருந்த ஆசை இன்னும் பெரிது. கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை தீபகற்பத்தின் குறுக்கே முக்கோணங்களை வலைபோலப் பின்னி, ஒவ்வோர் இடமும் எங்கே இருக்கிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவவேண்டும். அப்படியே வடதென் திசையில் ஒரு நீண்ட வில்லை அளந்து, பூமி எவ்வளவு தட்டையானது என்பதையும் கண்டறிய வேண்டும். வெல்லெஸ்லியின் ஆதரவால் சென்னை ஆளுநர் கிளைவ் பிரபு 1800இல் இதற்கு இசைவு தந்தார்.

இனிக் கருவிகளின் கதை. கோணங்களை அளக்கும் பெரிய தியோடலைட்டை லண்டனில் வில்லியம் கேரி என்பவர் செய்தார். அதன் வட்டத்தின் குறுக்களவு மூன்றடி. எடை ஏறக்குறைய அரை டன். அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரு நாட்டுக்கும் பகை. ஆயினும் பெட்டிக்குள் இருந்தது என்ன என்று கண்ட பிரெஞ்சு ஆளுநர், அதைப் பத்திரமாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். அறிவுக்குப் பகை இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தூரத்தை அளக்க எஃகுச் சங்கிலி ஒன்று கிடைத்தது. அது சீனப் பேரரசருக்குப் பரிசாக மக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழு கொண்டுபோனது. அங்கே அது ஏற்கப்படவில்லை. குழுவில் இருந்த டின்விடி என்னும் அறிஞரோடு கல்கத்தாவுக்கு வந்துசேர்ந்து, அங்கிருந்து லாம்டன் கைக்கு வந்தது. இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது, மொத்தம் நூறடி. பேரரசர் வேண்டாமென்ற சங்கிலி இந்தியாவை அளக்கப் பயன்பட்டது.

முக்கோண அளவையின் சூட்சுமம் மிக எளியது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டே கண்டுவிடலாம். அந்தப் பக்கத்தை அடியாகக் கொண்டு அடுத்த முக்கோணம், அதன்மேல் அடுத்தது. ஆகவே தரையில் கையால் அளக்க வேண்டிய கோடு ஒன்றே ஒன்று. அதற்கு அடிக்கோடு என்று பெயர். மற்றவையெல்லாம் குன்றிலிருந்து குன்றைப் பார்த்துக் கோணம் குறிப்பதுதான். ஆனால் இந்த எளிமையிலேயே ஆபத்தும் இருக்கிறது. அடிக்கோட்டில் நேர்ந்த பிழை அதோடு நிற்பதில்லை. வட்டிக் கடன்போல ஒவ்வொரு முக்கோணத்திலும் தொடர்ந்து வரும்.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள். பரங்கிமலையின் அடியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளக்கத் தொடங்கினார் லாம்டன். இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்து கிடக்கும் அதே பெரும்பாக்கம்தான். அந்த ஏழரை மைலை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. ஒரு மனிதன் அரை நாளுக்குள் நடந்துவிடும் தூரம் அது. ஏன் இத்தனை நாள்?

சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்திருந்தால் சில நாளில் முடிந்திருக்கும். லாம்டன் அப்படிச் செய்யவில்லை. மேடு பள்ளம் தாக்காதபடி தாங்கிகளின்மேல் மரத்தொட்டிகளை வரிசையாக வைத்தார். அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, ஒரே விதமான இழுப்பில் நீட்டினார். வெயில் நேராகப் படாமல் காத்தார். தொட்டிக்குள் வெப்பமானிகளை வைத்து ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துக்கொண்டார். சென்னையின் சித்திரை வெயிலில் எஃகு நீளும் அல்லவா? வெப்பம் பத்துப் பாகை செல்சியஸ் கூடினால் நூறடி எஃகு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் நீண்டுவிடும். இது ஒன்றும் பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் அச்சங்கிலியை நானூறு முறை வைத்தல்லவா அந்தக் கோடு முடிந்தது! எட்டில் ஒரு பங்கை நானூறால் பெருக்கிப் பாருங்கள்: நான்கடிக்கு மேல் பிழை. இதற்கும் மேலாக, உழைக்கும் சங்கிலியின் கண்ணிகள் தேய்ந்து நீண்டுவிடக்கூடும் என்று, வேறொரு சங்கிலியை அளவுகோலாகத் தனியே வைத்து அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

அதாவது, நிலத்தை அளக்கும் முன் அளக்கும் கருவியை அளந்தார். இதைப் படித்தபோதுதான் மர நிழலில் உட்கார்ந்து மூன்று மில்லிமீட்டர் கூட்டிய என் கை எனக்கு நினைவுக்கு வந்தது.

அடிக்கோடு முடிந்ததும் முக்கோணங்கள் மேற்கு நோக்கி நடந்தன. குன்றின் உச்சியில் கொடி நடுவார்கள். அரை டன் கருவியைச் சுமந்து எதிர்க்குன்றில் ஏற்றுவார்கள். வானம் தெளியும்வரை காத்திருப்பார்கள். முக்கோணத்தில் இரண்டு கோணம் தெரிந்தால் மூன்றாவதைக் கழித்துக் கண்டுகொள்ளலாம் என்பது பள்ளிப் பாடம். பிறகு ஏன் மூன்றாவது குன்றிலும் ஏற வேண்டும்? ஏறினால்தான் முதல் இரண்டும் சரியா என்று தெரியும். மூன்றும் சேர்ந்து 180 பாகை வரவேண்டும். பூமி உருண்டை என்பதால் அதற்குமேல் ஒரு சிறு மிகுதியும் வரும். முக்கோணத்தின் பரப்பு ஏறக்குறைய 76 சதுர மைலுக்கு ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு. கணக்குக்கு ஒத்த மிகுதி வந்தால் நன்று. வராவிட்டால் எங்கோ பிழை. மூன்றாவது கோணம் தூரத்தைக் காண வேண்டியதில்லை. உண்மையைக் காண அது வேண்டும்.

அதைவிடப் பெரிய சோதனை ஒன்று உண்டு. சில நூறு மைல் சென்றபின் மீண்டும் ஓர் அடிக்கோட்டைத் தரையில் அளப்பது அது. கணக்குப்படி அக்கோட்டின் நீளம் இன்னது என்று முன்பே தெரியும். சங்கிலி என்ன சொல்கிறது? இரண்டும் எதிரெதிரே நின்று சாட்சி சொல்ல வேண்டும். 1804இல் பெங்களூரருகே லாம்டனின் உதவியாளர் வாரன் ஏறத்தாழ ஏழு மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்து முடித்தார். சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் தரையில் அளந்த நீளத்துக்கும் இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு! காடும் மலையும் கடந்து, வெயிலும் காய்ச்சலும் தாங்கி வந்த கணக்கு, ஒரு சாண் அளவுகூடத் தவறவில்லை.

இந்த நான்கங்குலத்தை அவர் மறைத்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். பூஜ்யம் என்று எழுதியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் வேறுபாடே இல்லாத அளவையைக் கண்டால்தான் அறிந்தவர்கள் அஞ்சுவார்கள். என் ஏட்டைக் கண்டு என் ஆசிரியர் அஞ்சியதுபோல.

பாராட்டு வந்ததா? இல்லை. செலவு மிகுதி என்றார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் போகவேண்டுமானால் பல்லக்குத் தூக்குபவனிடம் சொன்னாலே போதும். அவன் கொண்டுபோய்ச் சேர்ப்பான். லாம்டனின் படம் எதற்கு என்று சென்னையின் நிதிக் குழுவில் ஒருவர் ஏளனம் செய்தாராம். அளவை மேற்குக் கரையைத் தொட்டபோது ஏளனம் ஓய்ந்தது. அதுவரை இருந்த படங்கள் தீபகற்பத்தின் அகலத்தை அந்த இடத்தில் நாற்பது மைல் கூட்டிக் காட்டியிருந்தன. 400 மைல் என்று எண்ணியிருந்தது உண்மையில் 360 மைலே. கும்பினி தன்னுடையது என்று எண்ணியிருந்த நிலத்தில் நாற்பது மைல் அகலம் காகிதத்தில் மட்டுமே இருந்தது!

பிறகு வில்லின் வேலை தெற்கே திரும்பியது. 1806இல் கோவை வட்டாரத்தில் ஓர் அடிக்கோடு. 1808இல் தஞ்சை. அங்கேதான் பேரிடி விழுந்தது. காவிரிச் சமவெளியில் குன்றுகள் ஏது? எங்கும் தென்னை. எட்டிப் பார்க்க வேண்டுமானால் கோவில் கோபுரங்களே கதி. இராசராசன் எழுப்பிய பெரிய கோவிலின் 216 அடி விமானத்தின் மேல் தியோடலைட்டை ஏற்ற முனைந்தார்கள். கப்பியும் கயிறும் கட்டி மேலே இழுத்துக்கொண்டிருந்தபோது, கருவி சுவரில் மோதாமல் விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. அரை டன் எடையும் ஊசலாடிக் கற்சுவரில் மோதியது. நுட்பமான பித்தளை வட்டம் நெளிந்துபோயிற்று.

எண்ணிப் பாருங்கள். அந்த வட்டத்தின் விளிம்பில்தான் பாகைகள் பொறிக்கப்பட்டிருந்தன. வட்டம் வட்டமாக இல்லாவிட்டால் அதன் பாகையும் பாகையல்ல. மாற்றுக் கருவி வேண்டுமானால் லண்டனுக்கு எழுதி, செய்து, கடல் கடந்து வர ஆண்டுகள் ஆகும். லாம்டன் யாரையும் ஏசவில்லை. ஒரு கூடாரத்தை அடித்து, கைதேர்ந்த கம்மியர் சிலரைத் தவிர வேறெவரும் உள்ளே வரக்கூடாதென்று ஆணையிட்டார். கருவியை முற்றாகப் பிரித்தார். பெரிய பலகை ஒன்றில், வட்டம் முன்பு எந்த அளவில் இருந்ததோ அதே அளவில் ஒரு வட்டத்தை வெட்டினார். ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் நெளிந்த விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து அந்தப் பலகை வட்டத்துக்குப் பொருத்தினார். வளைந்த ஆரக்கால்களைச் சிறிய மரச் சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரங்களில் கருவி ஏறக்குறையப் பழைய உருவுக்கு வந்தது.

ஏறக்குறைய என்ற சொல்லை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். பழுதுபட்ட கருவி மறுபடி பழுதற்றதாக ஆகிவிடவில்லை. பின் அதை எப்படி நம்பினார்? அதன்மேல் குருட்டு நம்பிக்கை வைக்கவில்லை. அது தரும் எண்களைச் சோதிக்க முக்கோணங்களின் கூட்டுத்தொகை இருந்தது. அடுத்த அடிக்கோடு இருந்தது. 1809இல் திருநெல்வேலிச் சீமையில் ஓர் அடிக்கோடு அளந்து, குமரிமுனையின் அருகே வில்லின் தென்கோடியை நிறுவினார். நம் பொறியியல் வகுப்பில் ஒரு கயிறு அறுந்தால் முழு அமைப்பும் வீழக்கூடாது என்று சொல்லித் தருகிறார்கள். தஞ்சையில் கயிற்றுக்கு அப்படி ஒரு மாற்று இல்லை. ஆகவே கருவி வீழ்ந்தது. ஆனால் அளவைக்கு மாற்றுச் சாட்சிகள் இருந்தன. ஆகவே அளவை வீழவில்லை.

பின்னர் வடக்கே 1811இல் குத்தி, 1815இல் பீதர் என்று அடிக்கோடுகள் தொடர்ந்தன. இடையே அவரை ஒரு புதிர் வாட்டியது. ஓரிடத்தின் அட்சரேகையை விண்மீன் கொண்டு காணும்போது, செங்குத்துத் திசையை நூலில் தொங்கும் குண்டு காட்டும். சில இடங்களில் விண்மீன் சொன்ன விடையும் முக்கோணம் சொன்ன விடையும் ஒத்துவரவில்லை. எத்தனை முறை திருப்பி அளந்தாலும் அதே முரண்! பூமிக்கு அடியில் அடர்ந்த பாறையோ தாதுவோ இருந்து குண்டைத் தன் பக்கம் இழுக்கக்கூடும் என்று லாம்டன் ஐயுற்றார். இங்கே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நூறு முறை அளந்து நூறு முறையும் ஒரே எண் வந்தால் அது உண்மை என்று நாம் மகிழ்ந்துவிடுகிறோம். பத்து நிமிடம் பின்தங்கிய கடிகாரம் நாள்தோறும் ஒரே ஒழுங்காகத்தான் பின்தங்கியிருக்கும். ஒரே வழியில் திரும்பத் திரும்பக் கேட்டால் ஒரே பொய்யைத்தான் கேட்போம். வேறொரு வழியில் கேட்டால்தான் பொய் வெளிப்படும்.

இந்தப் பணியை லாம்டன் ஒருவராகச் செய்துவிடவில்லை. சென்னையில் 1794இல் ஏற்பட்ட நில அளவைப் பள்ளியில் பயின்ற இளைஞர்கள் அவரோடு நடந்தார்கள். இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு முன்னோடி அந்தப் பள்ளிதான். கொடி பிடித்தவர்கள், பெட்டி சுமந்தவர்கள், காட்டை வெட்டி வழி செய்தவர்கள் எத்தனையோ பேர். காய்ச்சலில் மாண்டவர்கள் பலர். அவர்கள் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் குன்றின் உச்சியில் கொடியை அசையாமல் நிறுத்திய அந்தக் கை பிசகியிருந்தால் லாம்டனின் கணிதம் என்ன செய்திருக்கும்? நம்பகம் என்பது ஓர் அறிஞரின் தனிச்சொத்து அன்று. கடைசிக் கூலியாள் வரை தொடரும் சங்கிலி அது.

1817இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1818இல் அந்த அளவை தலைமை ஆளுநரின் நேர்ப் பொறுப்புக்கு வந்து, இந்தியப் பெரும் முக்கோண அளவை என்று பெயர் பெற்றது. அவ்வாண்டே ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற இளைஞர் துணைவராக வந்து சேர்ந்தார். லாம்டன் முதுமை எய்திவிட்டார். நெஞ்சு நோய் வாட்டியது. ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. ஐதராபாத்திலிருந்து நாகபுரிக்குத் தம் அலுவலகத்தை மாற்றிச் செல்லும் வழியில், 1823 ஜனவரி 20ஆம் நாள் ஹிங்கன்காட்டில் உயிர் துறந்தார். ஏறக்குறைய 1,65,000 சதுர மைல் நிலம் அவர் முக்கோணங்களுக்குள் அடங்கியிருந்தது. பூமியின் வில்லில் பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைய அளந்து முடித்திருந்தார்.

வரலாற்றை இங்கேயே முடித்தால் இனிமையாக இருக்கும். ஆனால் லாம்டனைப் பற்றி எழுதுகிறவன் சோதனையை மறைக்கலாமா? பின் வந்த எவரெஸ்ட், லாம்டனின் சங்கிலி முறை போதாது என்று கருதினார். 1830இல் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது, வெப்பத்தால் நீளம் மாறாதபடி இருவேறு உலோகங்களை இணைத்துச் செய்த அளவுச் சட்டங்களைக் கொண்டுவந்தார். அக்கருவிகளைப் பேணிய பட்டறையில் ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் உசேன் என்னும் கைவினைஞர் தம் திறமையால் உயர்ந்து, அளவைத் துறையின் கருவி வல்லுநர் பதவிக்கே வந்தார். இமயத்தின் அடிவாரம் வரையிலான வில் 1841இல் அளந்து முடிந்தது. 1860களில் தொடங்கி, பெங்களூருக்கும் குமரிமுனைக்கும் இடையே லாம்டன் அளந்த பகுதியையே மீண்டும் அளந்தார்கள். உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு 1865இல் எவரெஸ்டின் பெயர் கிடைத்தது. தொடங்கியவரின் பெயருக்கு அத்தகைய உலகப் புகழ் கிடைக்கவில்லை.

அப்படியானால் லாம்டனின் உழைப்பு வீணா? முதலில் எனக்கும் அந்த எண்ணம் வந்தது. பிறகு தெளிந்தேன். அவர் அளந்ததை மீண்டும் அளக்க முடிந்ததே, அதுதான் அவர் வெற்றி. எந்தச் சங்கிலி, எந்த வெப்பம், எந்தக் குன்று, எந்தக் கோணம், எவ்வளவு வேறுபாடு என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். ஆகவே அவருடைய குறைகளைப் பின்வந்தோர் கண்டுபிடிக்க முடிந்தது; திருத்த முடிந்தது; அவர் நிறுத்திய இடத்திலிருந்து மேலே செல்ல முடிந்தது. பிழையே இல்லாத வேலையை எந்த மனிதனும் செய்ததில்லை. பிழை இருந்தால் அது வெளிப்பட்டே தீரும்படி செய்யும் வேலைதான் நம்பத்தக்க வேலை. நான் செய்தது இதற்கு நேர் எதிர். பிழை வெளிப்படக்கூடிய ஒரே வழியைப் பேனாவால் அடைத்துவிட்டு, அதற்கு நுட்பம் என்று பெயரிட்டேன்.

நாம் நாளை பாலம் கட்டுவோம், மருந்து சோதிப்போம், மாணவர்களுக்கு மதிப்பெண் போடுவோம். நாம் எழுதும் எண்ணை நம்பி, நம் முகம் அறியாத ஒருவர் அந்தப் பாலத்தின்மேல் தம் குழந்தையோடு நடப்பார். அவருக்கு நாம் திரும்பி அளந்தோமா, மர நிழலில் உட்கார்ந்தோமா என்பது தெரியாது. தெரிந்தவர் நாம் ஒருவரே.

ஆசிரியரைச் சென்று பார்த்தேன். அவர் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. நாடாவை எடுத்துக் கொடுத்தார். நண்பர்களும் நானும் அந்தக் கோட்டைப் போகும்போதும் வரும்போதும் அளந்தோம். வேறுபாடு பதினொரு மில்லிமீட்டர் வந்தது. நான் கற்பனையில் எழுதிய மூன்றைவிட இது அழகில் குறைந்த எண்தான். ஆனால் இந்தப் பதினொன்றை என்னால் யாருக்கும் காட்ட முடியும். அப்படியே எழுதிக் கையெழுத்திட்டேன்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஹிங்கன்காட் வரும் நேரம் பார்த்து விழித்திருக்கப் போகிறேன். நீங்களும் அந்த வண்டியில் இருந்தால் என்னை எழுப்பத் தவறாதீர்கள். நான் தூங்கிவிடக் கூடும். சரிபார்க்க இன்னொருவர் இருப்பது எப்போதும் நல்லது.